அறுபது வந்தால் கல்லாச் சாவி

மே 6

மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. உன் நலத்தை நேற்று நேரிலேயே பார்த்துவிட்டேன். என் நாற்காலியில், என் மின்விசிறிக்குக் கீழே, நன்றாகத்தான் இருந்தாய்.

மகள் வீட்டில் ஓய்வு எடுத்தது போதும் என்று, விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, வழியெல்லாம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கடைக்கு வந்து சேர்ந்தேன். தள்ளுவண்டியில் தார்ப்பாய் போட்டு விற்று, அதிலிருந்து நான் கட்டிய கடை. கல்லாவில் சாவியைப் போட்டால் திரும்பவில்லை. எண்ணெய் விடாமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்து இன்னொரு முறை அழுத்தித் திருப்பினேன். லாரி செட்டுக்காரர் எதிரில் நின்று வேடிக்கை பார்க்கிறார். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். "பூட்டு மாத்தியாச்சு மாமா. உக்காருங்க, டீ சொல்றேன்."

என் கடையில் எனக்கு டீ சொல்கிறாய். வந்த ஆளுக்குச் சொல்வது போல.

நான் டீ குடிக்காமல் மகள் வீட்டுக்கே திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். போனில் பேசலாம் என்றால், நான் ஆரம்பித்ததுமே "மாமா, கஸ்டமர் வந்துட்டாங்க" என்று வைத்துவிடுகிறாய். அத்தனை கஸ்டமர் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் சரக்கு வேன் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஓட்டுநரிடம் பதில் கொடுத்து அனுப்பு.

கேட்பது ஒன்றுதான். யாரைக் கேட்டுப் பூட்டை மாற்றினாய்?

உன் மாமனார்


மே 10

மாமா அவர்களுக்கு,

யாரையும் கேட்கவில்லை. பூட்டுக்காரரிடம் மட்டும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

ஏப்ரலில் நடந்தது உங்களுக்குச் சரியாக நினைவில் இருக்காது, நினைவில்லாமல்தானே கிடந்தீர்கள். நான் சொல்கிறேன். மழைக்கு முந்தைய சீசன், கடை நிறையக் கூட்டம், வெயில் தகரக் கூரையைப் பிளக்கிறது. நீங்கள் கடை திறந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. என்றைக்குத்தான் குடித்தீர்கள்? "கல்லாவுல உக்காந்தவன் தண்ணி குடிச்சா எழுந்திரிக்கணும். எழுந்தா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவான்." நான் கடைக்கு வந்த முதல் நாள் நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இது. கழிப்பறை சந்தின் கடைசியில் இருக்கிறது என்பதற்காக மத்தியானம் வரை தொண்டையை நனைக்காத குடும்பம் உலகத்திலேயே நம் குடும்பம்தான். நானும் ஒரு வருஷம் அப்படி இருந்து, நீர்க்கடுப்பில் துடித்த பிறகுதான் விட்டேன். நீங்கள் விடவில்லை.

அன்று நைலான் கயிறு வாங்க வந்தவர் பேரம் பேசிக்கொண்டே இருந்தார். நீங்கள் பதில் சொல்லவில்லை. "பெரியவர் இறங்கி வர மாட்டேங்கறாரு" என்று அவரே கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். உட்கார்ந்தபடியே மயங்கியிருந்தீர்கள் மாமா. மயக்கத்திலும் விலை இறங்காத ஆள் நீங்கள். அவர் தோளைத் தொட்டதும் கயிற்றுக்கட்டு மேல் சரிந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் கிட்னி வேலை செய்யும் அளவு இருபத்தொன்பது என்றார்கள். அன்று சாயங்காலமே கத்திரிக்கோல் டிராயரைத் திறந்தால், முழங்கால் வலி மாத்திரை அட்டை அட்டையாக இருக்கிறது. ஒரு கட்டு தார்ப்பாய்க்கு ஒரு மாத்திரை என்று போட்டீர்களோ? தண்ணீர் இல்லாத உடம்பு, அதில் பிரஷர் மாத்திரை, அதற்கு மேல் வலி மாத்திரை. "மூணும் சேந்து கிட்னியை அடிச்சிருச்சு" என்றார் டாக்டர். அந்த வார்த்தையைத்தான் சொன்னார், அடித்துவிட்டது என்று.

இப்போது நாற்பத்தாறுக்கு வந்திருக்கிறது. நூற்றுக்கு நாற்பத்தாறு. பாதிகூட இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்காரப் போகிறேன் என்கிறீர்கள். பாதி கிழிந்த தார்ப்பாயை நீங்கள் வாங்குவீர்களா?

பேரம் உங்களுக்குப் பிடிக்கும். நானும் ஒரு பேரம் சொல்கிறேன். ஜூலை ஐந்தாம் தேதி உங்கள் மகள் ஊரிலேயே மறுபரிசோதனை இருக்கிறது. அதில் அறுபது வந்தால், புதுப் பூட்டின் சாவியை நானே கொண்டு வந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். வராவிட்டால் அந்த நாற்காலியை மறந்துவிடுங்கள்.

மருமகள்


மே 13

மருமகளுக்கு,

சம்மதம்.

நீ பயந்துபோய்ப் பின்வாங்கிவிடுவாய் என்பதால் முதலில் சம்மதத்தை எழுதிவிட்டேன். திட்டுவது இனிமேல்.

வியாபாரம் நான் சொல்லிக்கொடுத்துத்தான் நீ கற்றாய். ஆனால் அரைகுறையாகக் கற்றிருக்கிறாய். இருபத்தொன்பதில் இருந்தது நாற்பத்தாறுக்கு ஏறியிருக்கிறது. அதுவும் எத்தனை நாளில்? வெறும் ஓய்விலேயே இப்படி ஏறினால், கொஞ்சம் கவனித்தால் எங்கே போகும்? சந்தை ஏறுமுகத்தில் இருக்கும்போது எதிராளிக்கு ஜூலை வரை டைம் கொடுக்கிற வியாபாரியை நான் இன்றுதான் பார்க்கிறேன். அறுபது என்ன, எழுபதாக வந்து நிற்பேன்.

சாட்சி வேண்டும் என்று உன் புருஷனுக்குப் போன் போட்டேன். என் மகன் என்ன சொன்னான் தெரியுமா? "அப்பா, நான் கணக்கு வாத்தியார். ஸ்கூல்ல நாப்பது பசங்களுக்கு நடுவுல பஞ்சாயத்து பண்ணிட்டு வரேன். வீட்டுல லீவு விடுங்க." இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நான் அந்தத் தள்ளுவண்டியிலேயே இருந்திருக்கலாம். கடைக்கு வாரிசு வேண்டும் என்று மருமகள் தேடினேன். கிடைத்தது வாரிசு இல்லை, ஜப்தி.

தண்ணீரைப் பற்றிப் பெரிதாக எழுதியிருக்கிறாய். அந்த நாற்காலியில் எத்தனை வருஷம் மத்தியானம் வரை குடிக்காமல் உட்கார்ந்தேன்? என்ன ஆயிற்று? ஐம்பதிலும் அறுபதிலும் ஒன்றும் ஆகாத பழக்கம் எழுபத்துநாலில் மட்டும் எப்படிக் கெட்ட பழக்கம் ஆகும்? அன்று வெயில், அவ்வளவுதான். வலி மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டர் சொன்னதற்காக, நீ டிராயரைக் குடைந்ததற்காக இல்லை.

ஜூலை வரை நாற்காலியை அழுக்காக்காமல் வைத்திரு.

உன் மாமனார்


ஜூன் 2

மாமா அவர்களுக்கு,

நாற்காலி அழுக்காகவில்லை, மாற்றிவிட்டேன். பழையதில் ஒரு கால் ஆடியது. அட்டையை மடித்துச் சொருகி எத்தனை காலம் ஓட்டினீர்கள்! பழையது மாடியில் கயிற்றுக்கட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்றால் வேனில் ஏற்றி விடுகிறேன்.

இன்னும் சில மாற்றங்கள். ஊர்வாய்ப் பேச்சாக உங்களுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கயிற்றை இனி முழம் போட்டு விற்பதில்லை, எடை போட்டுத்தான். உங்கள் கைக்கு ஒரு முழம், என் கைக்கு ஒரு முழம், கஸ்டமர் உங்களிடமே வாங்க வேண்டும் என்று நிற்கிற கதை முடிந்தது. தார்ப்பாய்களை நிறம் பிரித்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். தூரத்திலிருந்தே தெரிகிறது. நீங்கள் இருந்தால் "கடை என்ன, துணி காயப்போடற இடமா?" என்று கேட்டிருப்பீர்கள். எதிர்க்கடைக்காரர் உங்களுக்குப் பதிலாகக் கேட்டுவிட்டார்.

மில் ஏஜண்ட் வந்தார். வழக்கம் போல உள்ளே நுழைந்ததும் "பெரியவர் எங்கே?" என்றார். ஊரில் இல்லை என்றேன். "அப்ப அடுத்த வாரம் வரேன்" என்று எழுந்தார். "அடுத்த வாரமும் நான்தான் இருப்பேன், ரேட்டைச் சொல்லுங்க" என்றேன். உட்கார்ந்து சொன்னார்.

உங்கள் மகள் போன் செய்தாள். நீங்கள் ஏதோ தீவிரமாக இறங்கியிருப்பதாகச் சொன்னாள். டாக்டர் சொன்னதை மட்டும் செய்யுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அதிகமாக எதையும் செய்ய வேண்டாம் மாமா.

மருமகள்


ஜூன் 20

மருமகளுக்கு,

"அதிகமாக எதையும் செய்ய வேண்டாம்." படித்ததும் சிரித்துவிட்டேன். எதிராளி இப்படிக் கெஞ்ச ஆரம்பித்தால் நாம் சரியான வழியில் போகிறோம் என்று அர்த்தம்.

நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டுமா? எழுதுகிறேன். தெரிந்தும் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் குடிக்கிறேன். நீதானே எழுதினாய், தண்ணீர் இல்லாமல்தான் விழுந்தேன் என்று? டாக்டரும் தண்ணீர் குடியுங்கள் என்றுதானே சொன்னார்? அப்படியென்றால் தண்ணீர்தான் மருந்து. குறைவாகக் குடித்துக் கெட்டது, நிறையக் குடித்தால் தேறத்தான் வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு பெரிய ஜாடி. அது முடிந்ததும் இன்னொன்று. தாகமே எடுப்பதில்லை. ஆனால் தாகத்தைக் கேட்டா வியாபாரம் செய்கிறோம்? உன் நாத்தனார் குழாயடியில் நிற்பவளைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறாள். "அப்பா, கிட்னியைக் கழுவறீங்களா, மூழ்கடிக்கறீங்களா?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்!

சரக்கைப் பார்க்க ஆள் வருகிறான் என்றால் கட்டின் மேல் துண்டு நல்லதாக இருக்க வேண்டும். அது ஊரறிந்த வியாபாரம். பரிசோதனை என்பதும் அதுதான். ஒரு நாள் வந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்ப்பான். அன்றைக்கு மேல் துண்டு பளபளவென்று இருக்க வேண்டும். தேதி நெருங்க நெருங்க இன்னும் கூட்டுவேன்.

சாப்பாடு இறங்கவில்லை, வயிறு முழுக்கத் தண்ணீர். தலை கொஞ்சம் கனக்கிறது. நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்பு வேலை செய்கிறது.

முழம் போடுவதை நிறுத்தியதற்கு வந்து பேசிக்கொள்கிறேன். சாவி கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்.

உன் மாமனார்


ஜூலை 3

கடைக்கு

கயிறு வந்தாச்சா. வெள்ளைக் கயிறு. நான் கல்லாவுல தான் இருக்கேன் யாரும் வரலை. மழை பெய்யுது உள்ள. தார்ப்பாய் போடு தார்ப்பாய் போடுன்னு சொல்றேன் யாரும் கேக்கலை. ஏஜண்ட் வந்தா நான் வெளிய போயிருக்கேன்னு சொல்லு. இல்ல இருக்கேன்னு சொல்லு

இன்னும் ஒரு ஜாடி இருக்கு. குடிச்சிட்டு வரேன். நாற்காலி கால் ஆடுது புடிச்சுக்கோ

சாவி


ஜூலை 6

மாமா அவர்களுக்கு,

இதை நீங்கள் படிக்கிற நிலைக்கு வந்த பிறகு கொடுக்கச் சொல்லி உங்கள் மகளுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் மூன்றாம் தேதிக் கடிதத்தை ஓட்டுநர் கொடுக்கும்போதே, "பெரியவர் வாசல்ல நின்னு என்னை யாருன்னு கேட்டாரும்மா" என்றார். வாசலிலேயே பிரித்தேன். கையெழுத்து கோட்டிலேயே நிற்கவில்லை, மேலேறிக் கீழிறங்கிப் போயிருந்தது. வேன் கிளம்புவதற்குள் உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். நீங்கள் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ ரேட் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அங்கே யாரும் இல்லையாம். உடனே ஆட்டோ பிடி என்றேன்.

ரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்குப் போய்விட்டதாம். அத்தனை தண்ணீரும் உள்ளேயே நின்று உப்பைக் கரைத்துவிட்டது என்கிறார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்குமாம்.

குடிக்கச் சொன்னால் குளத்தையே குடிப்பீர்களா? மனுஷன் உடம்பு என்ன, கடைத் தொட்டியா, திறந்துவிட்டால் நிரம்புவதற்கு? எதைச் செய்தாலும் அடுத்தவன் வாய் பிளக்கும்படிதான் செய்ய வேண்டுமா? உங்களை ஏப்ரலில் ஒரு முறை தூக்கினேன். திரும்பத் திரும்பத் தூக்க எனக்குத் தெம்பில்லை.

பந்தயம் ரத்து. பரிசோதனையும் வேண்டாம், அறுபதும் வேண்டாம். எழுந்து நடந்தால் போதும்.

மருமகள்


ஜூலை 19

மருமகளுக்கு,

எழுந்து நடந்தேன். நடந்து போய் டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்தேன். என்னென்ன தெரிந்துகொண்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கல்லாவைப் பூட்டிவிட்டு நிதானமாகப் படி. அவசரம் இல்லை, கஸ்டமர் காத்திருக்கட்டும்.

இந்த ஊர் டாக்டர் ஒரு அம்மா. என்னைவிட வேகமாகப் பேசுகிறார். உப்பெல்லாம் சரியான பிறகு கிட்னி அளவு எவ்வளவு என்று கேட்டேன். "நாப்பத்தஞ்சு." எனக்குச் சப்பென்று போய்விட்டது. இத்தனை ஜாடி குடித்து ஒன்று குறைந்திருக்கிறதா? "ஏம்மா, இருபத்தொம்பதுல இருந்து சரசரன்னு ஏறுச்சே, அப்புறம் ஏன் நின்னுச்சு?" என்றேன். அந்த அம்மா என் பழைய காகிதங்களைப் புரட்டினார். ரெண்டு வருஷத்துக்கு முன்பு கண் ஆபரேஷனுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை அதில் இருந்தது. "இதுல பாருங்க, நாப்பத்தெட்டு. நீங்க முன்னாடியே இங்கதான் நின்னுட்டு இருந்தீங்க. ஏப்ரல்ல கீழ விழுந்தீங்க, எழுந்து பழைய இடத்துக்கே வந்துட்டீங்க. அதுக்கு மேல படி கிடையாது பெரியவரே."

"அப்ப நான் பாதி ஆளா?"

"யார் சொன்னா? நாப்பது வயசுக்கு மேல நிறைய பேருக்கு வருஷா வருஷம் கொஞ்சம் இறங்கும். சிலருக்கு வேகமா, சிலருக்கு மெதுவா, சிலருக்கு இறங்கறதே தெரியாது. உங்களுக்குச் சர்க்கரை இல்ல, யூரின்ல புரதம் போகல, ரெண்டு வருஷமா அளவும் பெருசா மாறல. என் கணக்குல இது பெரும்பாலும் வயசோட இறக்கம். இதோடவே இன்னும் ரொம்ப காலம் இருக்கலாம். ஆனா ஒண்ணு, சின்ன வயசுல அடி விழுந்தா தாங்கறதுக்கு உள்ள கையிருப்பு இருந்துச்சு. இப்ப இல்ல. தண்ணி குறைஞ்சா பிடிச்சு வச்சுக்கற சக்தியும் கம்மி, கூடினா சட்டுனு வெளிய தள்ற சக்தியும் கம்மி. அதுல நீங்க ஒரு தடவை காய வச்சீங்க, ஒரு தடவை முக்கி எடுத்தீங்க."

ஐம்பதில் ஒன்றும் செய்யாத பழக்கம் எழுபத்துநாலில் ஏன் அடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. தாகமும் வயதானால் மந்தமாகிவிடுமாம், அதை நம்பி இருக்கவும் கூடாதாம். பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பழையது உப்பை இழுக்கிற ஜாதியாம். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று ஒரு பாட்டிலைக் காட்டி அளவும் சொன்னார். வாந்தி, பேதி என்றால் அன்றே போன் செய்ய வேண்டும், வலி மாத்திரை பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. "கடைக்குப் போகலாமா?" என்றேன். "தாராளமா. உக்காந்தே கிடக்காம எழுந்து போய்ட்டு வாங்க" என்றார்.

இது வரைக்கும் சந்தோஷமான செய்தி. இனிமேல்தான் உன் கதை.

சந்தேகம் வரக் கூடாது என்று என் மகள் அங்கே இருக்கிற பழைய டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் என்ன சொன்னார்? "இதைத்தான் நான் அவர் மருமககிட்ட அப்பவே சொன்னேனே! ஏப்ரல் கடைசியில ரிப்போர்ட் வாங்கத் தனியா வந்தாங்க. அறுபது எழுபதெல்லாம் எதிர்பாக்காதீங்க, இது அவர் வயசுக்கு ஒத்ததுதான், ஜாக்கிரதையா இருந்தா கடைக்கும் வரலாம்னு சொல்லி அனுப்பினேனே."

ஏப்ரல் கடைசி. நீ பந்தயக் கடிதம் எழுதியது மே மாதம்.

இல்லாத சரக்குக்கு என்னிடம் ஆர்டர் வாங்கியிருக்கிறாய். வராது என்று தெரிந்தே ஒரு நம்பரைச் சொல்லி, அதை எட்டிப் பிடிக்க என்னை ஓடவிட்டு, நீ என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "நூற்றுக்கு நாற்பத்தாறு" என்று என்னைப் பெயிலாக்கினாய். அது பரீட்சை மார்க் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். என் பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டபோது கடையின் பெயரைச் சொன்னேனாம். அந்த நிலைக்கு என்னைக் கொண்டு போனது தண்ணீர் இல்லை.

இதற்கும் ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருப்பாய். எழுது.

மாமனார்


ஜூலை 23

மாமா அவர்களுக்கு,

சாமர்த்தியமான பதில் இல்லை. தெரியும். தெரிந்துதான் அறுபது என்று எழுதினேன்.

பந்தயம் எழுதும்போது இத்தனை ஜாடி குடிப்பீர்கள் என்று தெரியாது; உங்கள் ஜூன் கடிதத்தில் படித்தபோதும், தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். உப்பைக் குறைத்து நடை போட்டு, ஜூலையில் நாற்பத்தேழு என்று வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓய்ந்துவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். உங்களோடு பதினாலு வருஷம் வியாபாரம் செய்தவள் அப்படிக் கணக்குப் போட்டிருக்கக் கூடாது. உங்களுக்கு எப்போது எது போதும் என்று தோன்றியிருக்கிறது? அந்தக் குளறல் கடிதத்தைப் படித்தபோதே, இதற்குக் காரணம் நான்தான் என்று தெரிந்தது. இதை எழுதுவதில் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை, நடந்ததை எழுதுகிறேன்.

என் ஜூன் மாதக் கடிதத்தில் உண்மையை எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். "அதிகமாக எதையும் செய்ய வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை எழுதினால் நாற்காலி போய்விடும்.

இனி கிட்னியைப் பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்திவிடலாம். அது ஒரு சாக்கு. உங்களுக்கு அறுபது வந்தாலும் சாவி தந்திருக்க மாட்டேன். நூறு வந்தாலும் தர மாட்டேன். உங்கள் கிட்னி நாளைக்கே இருபது வயதுப் பையனுடையது போல ஆனாலும் அந்த நாற்காலி உங்களுக்கு இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பதினாலு வருஷம் அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றேன் மாமா. உட்காரவில்லை, நின்றேன். இரண்டாவது நாற்காலிக்கு இடம் இல்லை என்பீர்கள், ஆனால் லாரி செட்டுக்காரர் வந்தால் எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் வரும். எந்த மில்லில் எந்தக் கனத்தில் நூல் போடுகிறான் என்று நான் சொல்வேன். அதையே ஐந்து நிமிஷம் கழித்து நீங்கள் ஏஜண்டிடம் சொல்வீர்கள், அவர் "பெரியவர் கண்ணே கண்ணு" என்பார். ஒரு நாள் நானே ஏஜண்டிடம் ஒரு லாட் சரக்கைப் பேசி முடித்தேன். நீங்கள் அவர் முன்னாலேயே "வீட்டுப் பொண்ணு, தெரியாம பேசிட்டா, நம்ம ரேட்டு வேற" என்று சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். உங்களுக்கு அது நினைவிருக்காது. வேறு விதமாகப் பேசியதே இல்லை என்பதால் அந்த ஒரு நாள் மட்டும் தனியாக நினைவிருக்க வாய்ப்பில்லை.

ஏப்ரலில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு எழுந்திருக்க இஷ்டமில்லை என்று. டாக்டர் நீங்கள் கடைக்கு வரலாம் என்று சொன்னதும் மருந்துக்கடை வாசலில் நின்று யோசித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் பூட்டுக்காரரைப் பார்த்தேன்.

இதுதான் விஷயம். உங்கள் மகனுக்கும் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் பெரியவங்க" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

மருமகள்


ஜூலை 27

மருமகளுக்கு,

இப்போதுதான் விலையைச் சொல்லியிருக்கிறாய். இதுவரை எழுதியதெல்லாம் இழுத்தடிப்பு.

இதை மே மாதமே எழுதியிருந்தால் நான் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க மாட்டேன். நேரே வந்து கடை நடுவில் நின்று உன்னோடு சண்டை போட்டிருப்பேன். ஜெயித்தோ தோற்றோ இருப்பேன். சொந்தப் பெயர் தெரியாமல் படுத்திருக்க மாட்டேன். ஸ்டூல் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். பொய் இல்லை. அதற்காக நீ செய்தது நியாயம் ஆகிவிடாது. மன்னிப்பு என்று எதையாவது எழுதி அனுப்பாதே, திருப்பி அனுப்பிவிடுவேன். நானும் அனுப்பப் போவதில்லை.

நாற்காலியை நீயே வைத்துக்கொள். திரும்ப வேண்டுமென்றால் உன்னிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். எனக்குக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை, அந்தத் தள்ளுவண்டியைக்கூட நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

இங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை பிடித்திருக்கிறேன். லாரிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் சரக்கு ஏற்றப் போகின்றன, தார்ப்பாய் இல்லாமல் ஒன்றும் கிளம்பாது. இத்தனை நாள் இந்த ஊரில் படுத்துக்கிடந்து நான் பார்த்ததில் ஒரு தார்ப்பாய்க் கடைகூடக் கிடையாது. மகள் "இந்த வயசுல எதுக்குப்பா" என்றாள். டாக்டர் அம்மாவிடமே கேள் என்றேன். கேட்டாள், வாயை மூடிக்கொண்டாள். நேற்று மில் ஏஜண்டை வரவழைத்தேன். இந்த மழைக்கு வர வேண்டிய கனமான தார்ப்பாய் ரகம் முழுவதையும் பேசி முடித்து எழுதி வாங்கிவிட்டேன். உன் பங்கும் அதில்தான் இருக்கிறது. அவர் உனக்குச் சொல்லத் தயங்கினார், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்டில் மழை பிடித்ததும் உன் கடைக்கு அந்த ரகம் கேட்டு ஆள் வருவான். அப்போது உனக்குச் சரக்கு வேண்டும். தருகிறேன். குடும்ப ரேட் என்று ஒன்று கிடையாது. வெளி ஆளுக்கு என்னவோ அதேதான் உனக்கும்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. ஆர்டர் இருந்தால் எழுது.

மாமனார்